நியூயார்க் 1917: ஓட்டில்லாதவர்கள் ஓட்டுக் கேட்ட கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் வாசிப்பு வட்டத்தில் நியூயார்க் மாநிலப் பெண்களின் வாக்குரிமைப் பிரசாரத்தைப் பற்றி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பேசினேன். பேச்சைவிடக் கேள்விகளுக்குத்தான் அதிக நேரம் போனது. அதன் பிறகும் பஸ் நிறுத்தத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், மருந்துக்கடை வாசலில் என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் தாளை நீட்டிவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்களின் சொற்களை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியை அல்ல. ஓர் ஊழியர் சங்கத்தில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்து, ரசீதுப் புத்தகமும் கையுமாக மேசை மேசையாக அலைந்தவள். எந்த இயக்கத்தைப் பற்றிப் படித்தாலும் என் கண் முதலில் வசூல் கணக்கின் மீதும் பெயர்ப் பட்டியலின் மீதும்தான் போகும். அந்தச் சாய்வு கீழே பல இடங்களில் தெரியும்.

அமெரிக்காவில் பெண்களுக்கு 1920இல்தான் ஓட்டு கிடைத்தது என்று படித்தோம். நீங்கள் 1917 என்கிறீர்களே?

இரண்டும் சரி. 1920 என்பது நாடு முழுவதற்குமான 19ஆம் அரசியல் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்த ஆண்டு. அதற்கு முன்பு யாருக்கு ஓட்டு என்பதைப் பெரும்பாலும் அந்தந்த மாநிலமே முடிவு செய்தது. வயோமிங் 1869இலேயே, இன்னும் மாநிலமாக ஆகாதபோதே, பெண்களுக்கு ஓட்டுரிமை தந்துவிட்டது. கொலராடோ 1893இல், கலிஃபோர்னியா 1911இல் என்று ஒவ்வொன்றாக வந்தன. நியூயார்க் மாநிலத்தின் முறை 1917இல் வந்தது.

ஓட்டே இல்லாதவர்கள் ஓட்டெடுப்பில் எப்படி ஜெயிக்க முடியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நியூயார்க் மாநில அரசியல் சட்டத்தில் வாக்காளர் என்றால் ஆண் என்றே எழுதியிருந்தது. அந்தச் சொல்லை எடுக்க வேண்டுமானால் சட்டமன்றம் திருத்தத்தை ஒருமுறை நிறைவேற்ற வேண்டும். தேர்தல் நடந்து புதிய சட்டமன்றம் வந்த பிறகு அதுவும் இன்னொரு முறை நிறைவேற்ற வேண்டும். அதற்கப்புறம் மாநில வாக்காளர்கள் அத்தனை பேரிடமும் பொதுவாக்கெடுப்பு. அந்த வாக்காளர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

அதாவது, கதவைத் திறக்கும் சாவி முழுக்க எதிராளியின் சட்டைப் பையில் இருந்தது. நம் ஊரில் ஓட்டுக் கேட்பவர், 'எனக்கு ஓட்டுப் போடவில்லை என்றால் அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன்' என்றாவது மிரட்டலாம். இந்தப் பெண்களிடம் அதுகூட இல்லை. கேட்பது, மறுபடி கேட்பது, கேட்டதைக் குறித்து வைப்பது, இவ்வளவுதான் அவர்களிடம் இருந்த ஆயுதம்.

மேற்கே ஏற்கெனவே பல மாநிலங்கள் கொடுத்துவிட்டனவே, நியூயார்க்குக்கு மட்டும் என்ன பெரிய மவுசு?

அன்றைக்கு அமெரிக்காவில் மக்கள் தொகையில் மிகப் பெரிய மாநிலம் அது. நாடாளுமன்றக் கீழவையில் 43 உறுப்பினர்கள், ஜனாதிபதித் தேர்தலில் 45 தேர்வாளர் வாக்குகள். அங்கே பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டால் இந்த 43 பேரும் அடுத்த தேர்தலில் பெண்களிடமும் கைகூப்பி நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வாஷிங்டனில் அவர்கள் எந்தப் பக்கம் கை தூக்குவார்கள் என்று சொல்ல சோதிடர் தேவையில்லை. இயக்கத் தலைவி கேரி சேப்மன் கேட் போட்ட கணக்கும் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பெண்ணுரிமைக்கான முதல் மாநாடு 1848இல் நடந்த செனெகா ஃபால்ஸ் இதே மாநிலத்து ஊர். 1872இல் சூசன் பி. அந்தோனி துணிந்து ஓட்டுப் போட்டுக் கைதான ராச்செஸ்டரும் இங்கேதான் இருக்கிறது. அவருக்கு நீதிமன்றம் விதித்த 100 டாலர் அபராதத்தை அவர் கடைசிவரை கட்டவே இல்லை. தாய்வீட்டிலேயே மரியாதை இல்லையே என்கிற ஆற்றாமை அந்தப் பெண்களுக்கு இருந்திருக்கும்.

முதல் முயற்சியிலேயே ஜெயித்தார்களா?

இல்லை. 1915 நவம்பர் 2ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 5,53,348, எதிர்ப்பு 7,48,332. ஏறத்தாழ 1,95,000 ஓட்டு வித்தியாசம். அதே நாளில் மாசசூசெட்ஸிலும் பென்சில்வேனியாவிலும் தோல்வி. இரண்டு வாரத்துக்கு முன்பு நியூ ஜெர்ஸியிலும் தோல்வி. கிழக்குக் கரையின் நான்கு பெரிய மாநிலங்கள் ஒரே பருவத்தில் கைவிரித்தன.

தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. ஐந்தரை லட்சம் ஆண்கள், தங்களுக்கு நேரடி லாபம் எதுவும் இல்லாத ஒரு காரியத்துக்கு 'ஆம்' என்று குறியிட்டிருக்கிறார்கள். சங்கத் தேர்தலில் தோற்ற மறுநாள் நானும் முதலில் பார்ப்பது இதைத்தான்: நமக்குப் போட்டவர்கள் எத்தனை பேர், எந்தப் பிரிவில்?

அவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு மனம் விட்டுப் போகவில்லையா?

வாக்கெடுப்பு முடிந்த இரண்டாவது இரவே நியூயார்க் நகரின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஒப்பாரி வைக்கக் கூடியவர்கள் என்று பார்த்தால், அந்த மேடையிலேயே அடுத்த பிரசாரத்துக்கு 1,00,000 டாலர் நன்கொடை உறுதியானது. தோற்ற நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அடுத்த நிதியைத் தொடங்குவதற்கு ஒரு தனித் தைரியம் வேண்டும். ஆறு மாதம் ஆறப்போட்டிருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது என்பது என் அனுபவம்.

நடைமுறையைத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மேலே சொன்ன அந்த இரட்டைச் சட்டமன்ற விதியின்படி 1916இல் ஒருமுறை, 1917இல் ஒருமுறை. கேட் தேசிய அமைப்பின் தலைமைக்குப் போய்விட்டதால் மாநிலப் பொறுப்பை வைரா போர்மன் வைட்ஹவுஸும் நகரப் பொறுப்பை மேரி காரெட் ஹேயும் சுமந்தார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு கோடீஸ்வரி கொடுத்தாராமே?

அந்தக் கோடீஸ்வரி மிரியம் லெஸ்லி. பத்திரிகை அதிபர். 1914இல் இறந்தபோது தன் சொத்தின் பெரும்பகுதியைப் பெண்கள் வாக்குரிமைக்குச் செலவிடும்படி கேட்டின் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். மதிப்பு இருபது லட்சம் டாலரை ஒட்டியது. உறவினர்கள் வழக்குப் போட்டார்கள், வழக்கறிஞர்கள் வயிறு வளர்த்தார்கள், கடைசியில் அதில் ஏறத்தாழ பாதிதான் கைக்கு வந்தது. அதுவும் 1917இல்தான் வரத் தொடங்கியது. நாடு தழுவிய வேலைகளுக்கே பெரிதும் போனது. ஆகவே 1915இல் அவர்கள் களத்தில் இறங்கியபோது லெஸ்லி பணம் வெறும் நீதிமன்றக் கட்டாகத்தான் இருந்தது.

அப்போது செலவுக்கு என்ன செய்தார்கள்? உறுப்பினர் சந்தா, கூட்டத்தில் தொப்பி ஏந்துதல், தெருமுனையில் பத்திரிகை விற்பனை, மஞ்சள் பொத்தான்களும் கொடிகளும் விற்கும் சிறு கடைகள், தேநீர் விருந்துகள், நாடகங்கள். 1914இல் ஒரு 'தியாக நாள்' குறித்தார்கள். அன்று ஏதாவது ஓர் ஆசைப் பொருளை வாங்காமல் விட்டு அந்தக் காசை நிதிக்குத் தர வேண்டும். அதோடு ஓர் 'உருக்குச் சட்டி'யும் வைத்தார்கள். வீட்டில் கிடக்கும் பொன், வெள்ளித் துண்டுகளைக் கொண்டுவந்து போடலாம். காதோலையைக் கழற்றிக் கொடுத்து நாட்டுக்காக நிதி திரட்டிய பழக்கம் நம்மிடமும் இருந்ததால், இதைச் சொன்னதும் எங்கள் வட்டத்தின் மூத்த பெண்மணிகள் தலையாட்டினார்கள்.

பெரிய கைகளும் இருந்தன. சர்க்கரை ஆலை அதிபரின் விதவையான லூயிசீன் ஹேவ்மேயர், 1915 ஏப்ரலில் நியூயார்க்கின் நோட்லர் கலைக்கூடத்தில் தேகா, மேரி கசாட் ஆகியோரின் ஓவியங்களையும் பழைய ஐரோப்பிய மேதைகளின் ஓவியங்களையும் காட்சிக்கு வைத்து, நுழைவுக் கட்டணத்தை வாக்குரிமை நிதிக்குத் திருப்பினார்.

அப்படியானால் பணக்காரப் பெண்களின் பொழுதுபோக்கு என்று சொல்வது சரிதானே?

பாதிகூடச் சரியில்லை. பணக்காரப் பெண்கள் இருந்தார்கள், அவர்கள் பெயர் செய்தித்தாளில் பெரிதாக வந்தது. ஆனால் 1911 மார்ச் 25ஆம் தேதி டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம் தையல் தொழிலாளிப் பெண்கள். கதவு பூட்டியிருந்த ஆலைக்கு எதிராகச் சட்டம் கேட்கப் போனபோது, ஓட்டில்லாதவர்களின் குரலுக்கு என்ன விலை என்பது அந்தத் தொழிலாளிகளுக்குப் புரிந்தது. கிளாரா லெம்லிச், லியனோரா ஓ'ரைலி, ரோஸ் ஷ்னைடர்மன் எல்லாம் இப்படித் தொழிலாளர் நடுவிலிருந்து வந்தவர்கள். 1917 பிரசாரத்தில் தொழிலாளர் பிரிவை நடத்தியவர் ஷ்னைடர்மன்தான். தொழிலாளி வீட்டு ஆண்களின் ஓட்டு எந்த அளவுக்கு முடிவை மாற்றியது என்பது கீழே எண்ணிக்கை பற்றிய பதிலில் இருக்கிறது.

பிரமாண்டமான ஊர்வலங்கள்தான் ஜெயிக்க வைத்தன என்று நினைத்தேன். வெள்ளை உடை, குதிரைகள், வாத்தியங்கள்…

நியூயார்க் நகரின் பெருந்தெருவான ஐந்தாம் அவென்யூவில் போன ஊர்வலங்களின் புகைப்படங்கள் அழகாக இருக்கின்றன. அதனால்தான் இந்தத் தப்பெண்ணம். ஊர்வலம் 'நாங்கள் இத்தனை பேர்' என்று காட்டும். வேடிக்கை பார்ப்பவர் எந்த வாக்குச்சாவடியைச் சேர்ந்தவர், அவர் மனைவி என்ன நினைக்கிறார், அவரை மறுபடி யார் போய்ப் பார்ப்பது என்பதை எந்த ஊர்வலமும் சொல்லாது.

வேலை நடந்த இடம் வேறு. கேட் மாநிலத்தை 12 பிரசார மாவட்டங்களாகவும் 150 சட்டமன்றத் தொகுதிகளாகவும் 5,524 வாக்குச்சாவடி வட்டங்களாகவும் பிரித்தார். தொகுதிக்கு ஒரு தலைவி, வட்டத்துக்கு ஒரு கேப்டன். நம் கட்சிகளின் பூத் கமிட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பு கட்சி அரசியல்வாதிகளிடமிருந்தே கற்றது. கேட் அதை ஒளிக்கவும் இல்லை. 1909இல் நியூயார்க் நகரில் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைக் கட்சி, பெயரில் மட்டுமே கட்சி. வேட்பாளர் நிறுத்தவில்லை. ஆனால் அடிக்கட்டு முழுக்கக் கட்சியுடையது.

கேப்டனின் வேலை என்ன? வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு தன் வட்டத்தின் வீடுகளுக்குப் போவது. நகரத்தின் அடுக்குக் குடியிருப்புகளில் லிஃப்ட் கிடையாது; ஐந்து மாடி ஏறி, கதவு தட்டி, 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்டு, எழுதிக்கொண்டு இறங்க வேண்டும். 1915க்குள் நகரத்தில் பதிவான வாக்காளர்களில் நூற்றுக்கு அறுபது பேரை இப்படிப் பார்த்து முடித்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மேடைப் பேச்சு, கூட்ட நடைமுறை, சட்ட விவரம் சொல்லித்தர வாக்குரிமைப் பள்ளிகள் நடத்தினார்கள். தோல்விக்குப் பிறகு இந்தப் பெயர்க்குறிப்புகளைத் தூக்கி எறியவில்லை. அடுத்த முறை வெறுங்கையோடு தொடங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் அந்தக் கட்டுகள்தாம்.

ஒரு பெண் போய் முன்பின் தெரியாத ஆணிடம் என்னதான் பேசியிருப்பாள்?

ஆளைப் பொறுத்துப் பேச்சு. 1915 பிரசாரத்தின் மிகச் சுவையான பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நகரத்தின் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நாள் ஒதுக்கினார்கள். முடிதிருத்துபவர்களுக்கு ஒரு நாள், தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு நாள், வழக்கறிஞர்களுக்கு, பாதிரியார்களுக்கு, டிக்கெட் விற்பவர்களுக்கு, மண் வெட்டுபவர்களுக்கு, துறைமுகச் சுமைக்காரர்களுக்கு. அந்தந்தத் தொழில்காரருக்குப் பெண்கள் ஓட்டால் என்ன நன்மை என்று தனித்தனித் துண்டறிக்கை. தெருக் கூட்டுபவர்களின் நாளில் குட்டித் துடைப்பங்களை நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். டிராம் ஊழியர்களுக்கு ஒரு வாரம் முழுவதும் ஒதுக்கி, வண்டி நிறுத்தும் கொட்டகைகளுக்கே போய்ப் பேசினார்கள்.

சுரங்க ரயிலுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த ஐரிஷ் தொழிலாளர்களிடம் அவர்களுடைய நாட்டுச் சின்னமான மூவிலைக் கீரை அச்சிட்ட நோட்டீஸோடு போனார்கள். துருக்கி, ஆர்மீனிய, இத்தாலிய உணவகங்களில் மேசை மேசையாகப் பேசினார்கள். வங்கிகளில் கணக்கு வைத்திருந்த பெண்கள் ஒரே நாளில் கூட்டமாக உள்ளே போய், பணம் எடுக்கிற சாக்கில் குமாஸ்தாக்களுக்குத் துண்டறிக்கை கொடுத்தார்கள். பங்குச் சந்தை இருக்கும் வால் ஸ்ட்ரீட்டில் வண்ண பலூன்களைப் பறக்கவிட்டார்கள், 'எங்கள் நம்பிக்கை மேலே போகிறது' என்று காட்ட.

சிலருக்கு இது கோமாளித்தனமாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருக் கூட்டுபவரை ஒரு தனி ஆளாக மதித்து அவர் இடத்துக்கே போய் ஓட்டுக் கேட்ட பிரசாரம் அந்த நகரத்தில் அதற்கு முன் எத்தனை நடந்திருக்கும்?

ஆண்கள் யாரும் கூட நிற்கவில்லையா?

நின்றார்கள். ஆதரவு ஆண்கள் சங்கம் ஒன்று இருந்தது, எழுத்தாளர் மேக்ஸ் ஈஸ்ட்மன் அதன் செயலாளர். 1911 ஊர்வலத்தில் நூறு பேருக்கும் குறைவான ஆண்கள் நடந்தபோது, 'வீட்டில் பாத்திரம் கழுவியாயிற்றா' என்கிற ரகக் கேலியைக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். பிறகு எண்ணிக்கை கூடியது.

பெண்களே எதிர்த்தார்களாமே? அதற்கு என்ன பதில் சொன்னார்கள்?

எதிர்த்தார்கள், அமைப்பாகவே எதிர்த்தார்கள். மாநில எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைவி ஆலிஸ் ஹில் சிட்டன்டன். வசதியான, படித்த பெண். பெண்ணின் செல்வாக்கு வீட்டிலும் தருமப் பணியிலும் இருக்கிறது, கட்சிச் சண்டையில் இறங்கினால் அது கெடும் என்பது அவர்கள் வாதம். மேடை ஏறி, பத்திரிகையில் எழுதி, சட்டமன்றத்தில் சாட்சி சொல்லி, பெண்களுக்கு அரசியல் வேண்டாம் என்று திறமையாக அரசியல் செய்தார்கள். இந்த முரணை அவர்கள் கவனித்தார்களா என்று எங்கள் வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி.

'பெரும்பாலான பெண்களுக்கே ஓட்டு வேண்டியதில்லை' என்பதுதான் 1915இல் மிக வலுவாக வேலை செய்த வாதம். 1917 பிரசாரம் இதற்கு வாயால் பதில் சொல்வதை விட்டது. வீடு வீடாகப் போய் ஆண்களைப் பட்டியல் எடுத்த அதே பெண்கள், இம்முறை பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள்: 'எனக்கு ஓட்டு வேண்டும்' என்று. மாநிலம் முழுவதிலும் பத்து லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் நகரத்தில் மட்டும். 1917 அக்டோபர் 27 ஊர்வலத்தில் அந்தத் தாள்களைப் பலகைகளில் ஒட்டி, ஐந்தாம் அவென்யூவில் வரிசை வரிசையாகச் சுமந்து போனார்கள். ஊர்வலத்தை நான் மேலே கொஞ்சம் மட்டம் தட்டினேன். இந்த ஒன்றை மட்டும் விலக்கி வைக்கிறேன். இது வீடு வீடாக நடந்த வேலையையே தெருவில் தூக்கிக் காட்டியது.

சாராய வியாபாரிகள்தான் உண்மையான எதிரி என்கிறார்களே?

பெரிய எதிரி, ஒரே எதிரி அல்ல. பெண்களுக்கு ஓட்டு வந்தால் மதுவிலக்கு வரும் என்று மது ஆலைக்காரர்கள் பயந்தார்கள். 1896இல் கலிஃபோர்னியா வாக்கெடுப்பு தோற்றதில் அவர்கள் பங்கு தெளிவானது. ஆனால் தோல்வி முழுவதையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டால், மது வாசனையே ஆகாத பக்திமான் விவசாயிகள் போட்ட 'இல்லை' ஓட்டுகளுக்குக் கணக்கு உதைக்கும்.

நியூயார்க் நகரில் இன்னொரு சக்தி டாமனி ஹால். ஜனநாயகக் கட்சியின் நகர இயந்திரம். தெருத்தெருவாக ஓட்டைக் கையில் வைத்திருந்த அமைப்பு. 1917இல் அது 'நாங்கள் ஆதரிக்கவும் மாட்டோம், எதிர்க்கவும் மாட்டோம்' என்று ஒதுங்கியது. அதன் பிரமுகர்கள் சிலரின் மனைவிமார் அதற்குள் வாக்குரிமைக் கட்சியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஒதுங்கலே பெரிய உதவி.

போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஓட்டுக் கேட்டது சுயநலம் இல்லையா?

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. இந்தக் கேள்வியை அப்போதே எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நியூயார்க் அமைப்பு தன் ஊழியர்களை மாநில ராணுவக் கணக்கெடுப்புக்கும் போர்க் கடன் பத்திர விற்பனைக்கும் அனுப்பியது. வீடு வீடாகப் போகத் தெரிந்த ஆட்கள் அவர்களிடம்தானே இருந்தார்கள். கூடவே, 'ஜனநாயகத்துக்காகக் கடல் கடந்து போரிடுகிறோம், வீட்டில் பாதிப் பேருக்கு ஜனநாயகம் இல்லை' என்றும் சொன்னார்கள்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. போரை ஆதரிக்காத பெண்களும் இயக்கத்தில் இருந்தார்கள். தலைமை முழுமூச்சாகப் போர்ப் பணியில் இறங்கியது அவர்களுக்குக் கசந்தது. வெற்றிக்கு உதவியது என்பதால் மட்டும் அந்தக் கசப்பு இல்லாமல் போய்விடாது.

வெள்ளை மாளிகை வாசலில் பதாகை பிடித்துச் சிறைக்குப் போனவர்கள் இவர்கள்தானா?

அவர்கள் வேறு அமைப்பு: ஆலிஸ் பாலின் தேசியப் பெண்கள் கட்சி. 1917 ஜனவரியில் மறியலைத் தொடங்கினார்கள். நியூயார்க் அமைப்பினர் ஓட்டுப் போடப்போகும் ஆண்கள் முகம் சுளிப்பார்களே என்று பயந்து, 'அது நாங்கள் இல்லை' என்று ஓயாமல் விளக்கம் கொடுத்தார்கள். வாக்கெடுப்புக்குச் சில நாட்களே இருந்தபோது, அக்டோபர் 25ஆம் தேதி, ஜனாதிபதி வில்சன் நியூயார்க் பெண்களின் குழுவைச் சந்தித்து வெளிப்படையாக ஆதரவு தந்தார். வாசலில் சத்தம் இல்லாவிட்டால் உள்ளே இந்த உபசாரம் நடந்திருக்குமா? நான் சந்தேகப்படுகிறேன். ஆனால் இதில் இரண்டு அணிக்கும் ஆதரவாளர்கள் எங்கள் வட்டத்தில் உண்டு, சண்டை இன்னும் தீரவில்லை.

கடைசியில் எத்தனை ஓட்டில் ஜெயித்தார்கள்?

1917 நவம்பர் 6. ஆதரவு 7,03,129, எதிர்ப்பு 6,00,776. வித்தியாசம் 1,02,353.

இந்த எண்ணை உடைத்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் நகரம் மட்டும் கொடுத்த முன்னிலை 1,03,863. நகரத்துக்கு வெளியே உள்ள மாநிலம் முழுவதும் சேர்ந்து 1,510 ஓட்டில் தோல்வி. அதாவது வெற்றி முழுக்க நகரத்தின் கொடை. இதே ஊகத்தை கலிஃபோர்னியாவில் வைத்தால் தலைகீழாகிவிடும்: 1911இல் அங்கே சான் பிரான்சிஸ்கோ நகரம் எதிர்த்தது, கிராமப்புறம்தான் கைகொடுத்தது, மொத்தமே 3,587 ஓட்டில் ஜெயித்தார்கள். 'நகரம் முற்போக்கு, கிராமம் பிற்போக்கு' என்று ஒரே வாய்ப்பாட்டை எல்லா இடத்திலும் ஓட்டக்கூடாது.

நியூயார்க் நகரத்தில் எது மாறியது? டாமனி ஒதுங்கியது, மேலே சொன்னேன். அதே நாள் நடந்த மேயர் தேர்தலில் சோசலிஸ்ட் வேட்பாளர் மாரிஸ் ஹில்க்விட் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுப் பெற்றார். அந்தக் கட்சி பெண்கள் ஓட்டுரிமையை ஆதரித்தது. குடியேறிய யூதத் தொழிலாளர் வட்டாரங்களில் அவர்களுடைய அலை வீசியது. அந்த மாடிப்படிகளை இரண்டு பிரசாரங்களாகப் பெண்கள் ஏறி இறங்கியிருந்தார்கள்.

அந்த கேரி கேட் குடியேறியவர்களை இழிவாகப் பேசியவர் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

உண்மை. 1890களில், படிப்பறிவில்லாத வெளிநாட்டுக்காரனுக்கு ஓட்டு இருக்கிறது, படித்த பெண்ணுக்கு இல்லையே என்கிற தொனியில் பேசியவர்தான். அந்தக் காலத்து இயக்கத்தில் இந்தப் பேச்சு சகஜமாக இருந்தது. சகஜமாக இருந்தது என்பது மன்னிப்பு அல்ல. பிறகு குடியேறிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலும் இத்தாலிய மொழியிலும் துண்டறிக்கை அச்சடித்து அதே மக்களிடம் போனார்கள். முந்தைய பதிலின் எண்களைப் பார்த்தால், யார் ஓட்டை அவர் ஒருகாலத்தில் ஏளனம் செய்தாரோ அவர்கள் வாழ்ந்த நகரம்தான் அவரைக் கரை சேர்த்தது.

1917க்குப் பிறகு நியூயார்க்கில் எல்லாப் பெண்களும் ஓட்டுப் போட்டார்களா?

குடியுரிமை உள்ள பெண்கள் போட்டார்கள், கறுப்பினப் பெண்களும். தெற்கு மாநிலங்களில் அவர்களுக்கு 1920க்குப் பிறகும் பல பதிற்றாண்டுகள் கதவு அடைத்தே இருந்தது என்பதை நினைத்தால் இது சிறிய விஷயம் அல்ல.

விடுபட்டவர்களும் உண்டு. 1912 ஊர்வலத்தில் குதிரை மீது வந்த மேபல் லீ என்ற சீன இளம்பெண்ணைப் பத்திரிகைகள் கொண்டாடின. சீனர்களைக் குடியுரிமையிலிருந்து விலக்கிய சட்டத்தால் அவருக்கு ஓட்டு கிடைக்கவில்லை. 1907இன் ஒரு சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்தாள், அவளும் வெளியே. திருமணத்தால் குடியுரிமை பெற்ற வெளிநாட்டுப் பெண் ஐந்து ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்று 1917 திருத்தத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது.

இதற்கும் நம் சென்னைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு என்று இழுத்துக் கட்ட மாட்டேன். ஆனால் காலம் ஒன்று. 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. நியூயார்க் முடிவு வந்த அடுத்த மாதமே, டிசம்பரில், சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு சென்னையில் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. அதன் பின்னணியில் இருந்த மார்கரெட் கசின்ஸ், அயர்லாந்தில் இதே கோரிக்கைக்காகச் சிறை சென்றவர். 1919இன் இந்திய அரசுச் சட்டம் முடிவை மாகாணங்களின் கையில் விட்டது. 1921இல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை சட்டமன்றம் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது.

ஒரு வித்தியாசம் முக்கியம். இங்கே பொதுவாக்கெடுப்பு இல்லை. சட்டமன்ற உறுப்பினர்களை இணங்க வைத்தால் போதும். அதனால் படியேறிக் கதவு தட்டும் வேலை இங்கே நடக்கவில்லை. சொத்துத் தகுதி இருந்ததால் ஓட்டுப் பெற்ற பெண்களும் மிகச் சிலர்தான். எல்லோருக்கும் ஓட்டு என்பது 1951–52 பொதுத்தேர்தலில்தான் நடந்தது.

ஜெயித்த பிறகு என்ன நடந்தது?

1918 ஜனவரி 10ஆம் தேதி நாடாளுமன்றக் கீழவை நாடு தழுவிய திருத்தத்தை 274க்கு 136 என்ற கணக்கில் நிறைவேற்றியது. தேவையான மூன்றில் இரண்டு பங்கை மயிரிழையில் தொட்டது. நியூயார்க்கின் அந்த 43 இடங்களைப் பற்றி கேட் போட்ட கணக்கு வீண்போகவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க் சட்டமன்றத்துக்கு முதன்முதலாக இரண்டு பெண்கள் தேர்வானார்கள்: மேரி லில்லி, ஐடா சாமிஸ். இருவரும் ஒரே ஒரு பருவம்தான் இருந்தார்கள். அன்றைய வழக்கப்படி உறுப்பினருக்கு ஒன்று என்று தரப்பட்ட பித்தளை எச்சில் படிக்கம் சாமிஸுக்கும் வந்தது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூ வைத்தார் என்று சொல்வார்கள்.